மறுமொழி: கிரோலுக்கும் இன்டெக்ஸுக்கும் ஒரே சொல்லா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்குச் சென்னை ஐயா தந்த 'அட்டவணைப்படுத்தல்' எனக்கு இடிக்கிறது. கிரோல் (தேடுபொறியின் நிரல் பக்கம் பக்கமாகப் போய் வாசிப்பது), இன்டெக்ஸ் (தேடலில் காட்டுவதற்காகப் பக்கத்தைப் பதிந்துவைப்பது) இரண்டுக்கும் அதையே போட்டிருக்கிறார்.

போன வருடம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடைக்குத் தளம் செய்தேன். பழைய விலைப் பக்கம் தேடலில் வரக்கூடாது என்றார்கள். பக்கத்தில் 'தேடலில் காட்டாதே' என்னும் நோஇன்டெக்ஸ் குறி வைத்தேன், தேடுபொறியின் நிரல் எங்கே வரலாம் என்று சொல்லும் ரொபோட்ஸ் கோப்பிலும் தடை போட்டேன். 'இனி அட்டவணைப்படுத்தாது' என்று தமிழில் எழுதியும் கொடுத்தேன். மாதம் ஒன்று போயும் அந்த முகவரி கூகுளில் நிற்கிறது, கீழே விவரம் ஒன்றும் இல்லாமல்.

வாக்காளர் இடாப்பை, அதாவது வாக்காளர் பட்டியலை, நினையுங்கள். ஜி.எஸ். (எங்கள் கிராம அலுவலர்) ஒழுங்கை ஒழுங்கையாக வருவது ஒன்று, இடாப்பில் பெயர் ஏறுவது வேறு. கேற்றைப் பூட்டினால் (ரொபோட்ஸ் தடை அதுதான்) உள்ளே வரமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் 'அங்கே ஆள் இருக்கு' என்றால் வீட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்விடுவார். மற்றத் தளங்களின் இணைப்புகள்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். 'என்னை எழுதவேண்டாம்' என்ற துண்டையோ, அதாவது நோஇன்டெக்ஸ் குறியை, நான் உள்கதவில் ஒட்டியிருந்தேன். கேற் பூட்டிக் கிடந்தால் அதை யார் வாசிப்பது? தடையை எடுத்த பிறகுதான் பக்கம் மறைந்தது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். கிரோலுக்குத் 'துழாவல்', அதைச் செய்யும் நிரல் 'துழாவி'. உலாவல் சரிவராது, உலாவி பிரவுசருக்குப் போய்விட்டது. இன்டெக்ஸுக்குச் 'சுட்டி' என்றால் இங்கே மவுஸ், 'சுட்டெண்' பரீட்சை இலக்கத்துக்கு. 'அடைவு' நல்ல சொல், சொல்லடைவு பார்த்தவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் இங்கே அடைவு என்றால் நகை அடகு; கொழும்பில் நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவில் சொல்லிப் பாருங்கள், எத்தனை பவுண் என்று கேட்பார்கள். நான் 'இடாப்பு' என்பேன்.

சைற்மேப்புக்குத் 'தளவரைபடம்' என்கிறார்கள். அதில் வரைபடம் எங்கே இருக்கிறது? தேடுபொறிக்குக் கொடுக்கும், ஒரு கோப்பில் 50,000 வரை அடுக்கக்கூடிய பக்க முகவரிப் பட்டியல், அவ்வளவுதான். அதில் இருப்பதெல்லாம் இடாப்பில் ஏறும் என்றும் இல்லை.

——

துழாவி பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். இடாப்பு என்றால் எங்கள் சென்னைப் பக்கம் யாருக்கும் புரியாதே! பதிவேடு போதாதா?

——

சரி ஐயா, பொதுப் பட்டியலில் பதிவேடு என்றே போடுங்கள்: துழாவி வரும், பக்கம் பதிவேட்டில் ஏறும். கடைக்காரருக்கு எழுதும்போது மட்டும் நான் இடாப்பு என்றுதான் எழுதுவேன். அவருக்கு அதுதான் சட்டென்று விளங்கியது.