ஜிப்ஸி கிங்: 60 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது, டேம்பர் மாற்றியும் நிற்கவில்லை

கோத்தகிரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2004 மாருதி ஜிப்ஸி கிங், எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்), சாஃப்ட் டாப். மலையில் 40க்கு மேல் போவதே இல்லை, அதனால் இங்கே ஒன்றும் தெரியாது. மேட்டுப்பாளையம் இறங்கி காரமடை தாண்டி நேர் ரோட்டில் 55, 60 பிடித்ததும், சாலையில் ஒரு ஒட்டோ பாலத்து இணைப்போ முன் சக்கரத்தில் பட்டால் போதும், ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்து, கையில் பிடிக்கவே முடியாத அளவுக்குப் போய்விடுகிறது. பிரேக் போட்டு 30க்குக் கீழே வந்தால்தான் அடங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த மாமா இனி பஸ்ஸிலேயே வந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இதுவரை வீல் பேலன்சிங், அலைன்மெண்ட் பார்த்தாகிவிட்டது. டை ராட் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) எண்டுகள் புதுசு. ஸ்டீயரிங் டேம்பரும் (உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) புதுசு. டேம்பர் போட்டதும் சுத்தமாக நின்றது, கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. டயர் 235/75 ஆர்15. எனக்கு முன் வைத்திருந்தவர் முன்னால் நீளமான ஷேக்கிள் (இலைப்பட்டை முனையைச் சேசிஸோடு பிடிக்கும் இணைப்பு) போட்டு வண்டியைத் தூக்கியிருக்கிறார். பட்டறையில் ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள், விலையைக் கேட்டதும் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். வீட்டிலேயே பார்க்க முடியுமா? ஜாக்கி, ஸ்டாண்டு, பாக்ஸ் ஸ்பேனர் செட் எல்லாம் இருக்கிறது.

சேற்றுமாடு:
டபுள் டேம்பர் போடுங்க ப்ரோ. நான் போட்டிருக்கேன், 80ல் கூட ஆடாது. அரை நாள் வேலை, முடிஞ்சுது.

பழைய ஸ்பேனர்:
டபுள் டேம்பர் வேண்டாம் தம்பி. காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற கதைதான் அது, காய்ச்சல் உள்ளேயே இருக்கும். எங்கேயோ ப்ளே (தளர்வு) இருக்கிறது, டேம்பர் அதை அமுக்கி வைக்கிறது. அது தளர்ந்ததும் உதறல் திரும்ப வரும், அதற்குள் பேரிங் இன்னும் கெட்டிருக்கும். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

ஸ்டீயரிங் பாக்ஸை இப்போதைக்கு விடுங்கள். அதில் ப்ளே இருந்தால் வண்டி அலையும், ஸ்டீயரிங் வளையத்தைத் திருப்பினால் சக்கரம் தாமதமாகத் திரும்பும். பாக்ஸை சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒரு மேடு பட்டதும் தானாகவே பெருகிக்கொண்டு போகிற உதறல் என்றால் முதல் சந்தேகம் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங் மேல்தான். திட ஆக்சில், இலைப்பட்டை வண்டிகளில் இது பழைய வியாதி, ஜிப்ஸிக்கு மட்டும் என்றில்லை.

இப்படிச் சோதியுங்கள். சமதளத்தில் பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன் ஆக்சிலைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். லொடக் என்றால் வீல் பேரிங்காக இருக்கலாம், கிங்பின்னாகவும் இருக்கலாம். இப்போது வீட்டில் ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் காலிப்பரும் ஒன்றாகிவிடும், காலிப்பர் நக்கிளில் (கிங்பின்னில் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இருக்கிறது, அதனால் வீல் பேரிங் ப்ளே மறைந்துவிடும். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் லொடலொடத்தால் டை ராட் பக்கம் பாருங்கள்.

கோத்தகிரிக்காரன்:
பார்த்துவிட்டேன் அண்ணா. இடது பக்கம் பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றது. வலது பக்கம் பிரேக் பிடித்தும் நன்றாகவே ஆடுகிறது, என் மனைவியிடம் டார்ச் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், ஆக்சில் முனை உருண்டைக்கும் நக்கிளுக்கும் நடுவே இடைவெளி திறந்து மூடுவது கண்ணுக்கே தெரிகிறதாம்.

இன்னொன்று, அதே பக்கம் நக்கிள் உருண்டையில் கறுப்பாக, தண்ணியாக ஏதோ வழிந்து ரிம்மின் உள்பக்கம் வரை தெறித்திருக்கிறது. கிரீஸ் மாதிரியும் இல்லை, ஆயில் மாதிரியும் இல்லை.

பழைய ஸ்பேனர்:
சரி, வலது கிங்பின், இடது வீல் பேரிங். இடது பக்கம் நட்டைச் சரிசெய்தால் போதுமா, பேரிங் போய்விட்டதா என்பது கழற்றினால்தான் தெரியும்.

வழிவது டிஃப்ரென்ஷியல் ஆயிலும் நக்கிள் கிரீஸும் கலந்தது. ஆக்சில் குழாயின் முனையில், உருண்டைக்கு உள்ளே ஒரு ஆயில் சீல் இருக்கும். அது போனால் 90 நம்பர் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும், கிங்பின் பேரிங்கும் காய்ந்துபோகும். வெளியே தெரியும் வளைய சீலை மட்டும் மாற்றினால் ஒழுக்கு நிற்காது. முன் ஆக்சில் ப்ரீதர் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் சூடாகிக் காற்று வெளியேற வழியில்லை என்றால் சீலைத்தான் தள்ளும். குளவி மண் வைத்து அடைத்த ப்ரீதரையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

பேரிங் கடைக்காரர்:
குறுக்கே வருகிறேன். ஜிப்ஸி கிங்பின் பேரிங் 30302, டேப்பர் ரோலர், 15 மி.மீ. உள்விட்டம், 42 மி.மீ. வெளிவிட்டம். சாதாரண நம்பர், ஊரில் எந்த பேரிங் கடையிலும் இருக்கும். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. நல்ல கம்பெனியாகக் கேட்டு வாங்குங்கள், பழையதைக் கையில் கொண்டுபோய் நம்பரைப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது. கோனை (ரோலர் உள்ள உள்பாகம்) மட்டும் புதுசு போட்டு கப்பை (வெளி வளையம்) பழசாகவே விடுகிறவர்கள் உண்டு, அதற்குச் செய்யாமலே இருக்கலாம்.

எம்எம்540 ராசா:
என் மஹிந்திராவிலும் இதே அமைப்புதான், மூடிய நக்கிள், ஷிம் (இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு). பேரிங் அளவு வேறு. பார்த்துக்கொண்டிருக்கிறேன், அடுத்து என்னுடையதுதான்.

கோத்தகிரிக்காரன்:
கழற்றும் வரிசை கொஞ்சம் சொன்னால் நன்றாக இருக்கும். வேலையின் நடுவில் மாட்டிக்கொண்டால் இங்கே உதவிக்கு ஆள் இல்லை.

பழைய ஸ்பேனர்:
சக்கரம், காலிப்பர், ப்ரீவீல் ஹப், பிறகு டிஸ்க்கோடு ஹப், அப்புறம் ஸ்பிண்டில், ஆக்சில் ஷாஃப்ட். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் பட்டையில் கம்பி போட்டுக் கட்டுங்கள். ஹப் நட்டுக்கு பெரிய பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும், உளி வைத்துத் தட்டிக் கழற்றாதீர்கள், தட்டி இறுக்கிய நட்டை எப்படிச் சரியான அளவுக்கு வைப்பது? டிஃப்ரென்ஷியல் ஆயிலை முதலிலேயே இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஷாஃப்டை இழுத்ததும் மடியில் கொட்டும்.

பிறகு டை ராட் எண்டைப் பிரித்து, நக்கிளின் பின்னால் இருக்கும் சீல் வளையத்தின் சின்ன போல்ட்களை எடுத்து, மேலும் கீழும் கிங்பின் போல்ட்களைக் கழற்றினால் நக்கிள் கையோடு வரும். கீழ் பேரிங் பொத்தென்று விழும், பழைய துணி விரித்து வையுங்கள். கிங்பின்னுக்கு அடியில் தகடு தகடாக ஷிம் இருக்கும். மேல் ஷிம்மும் கீழ் ஷிம்மும் கலந்துவிடக் கூடாது, தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
கழற்றியாகிவிட்டது. கீழ் பேரிங் துருப்பிடித்து செங்கல் பொடியாக வந்தது. கப்பின் உள்ளே ரோலர்கள் பதிந்த கோடுகள் வரிசையாக இருக்கின்றன, நகத்தை வைத்தால் தட்டுகிறது. மேல் கப் மேலே வந்துவிட்டது, கீழ் கப் அசைய மாட்டேன் என்கிறது. மேல் ஓட்டை வழியாக நீளக் கம்பி விட்டுத் தட்டிப் பார்த்தேன், விளிம்பு கிடைக்கவில்லை, வழுக்குகிறது.

லேத் பட்டறை குமார்:
வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு கப்பின் உள்வட்டத்தில் சுற்றி ஒரு கோடு மட்டும் வெல்டு போடச் சொல்லுங்க சார். ஆறும்போது கப் சுருங்கிடும், பல நேரம் தானாவே கீழே விழும். பேட்டரியைக் கழட்டிட்டுப் பண்ணுங்க, ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் எடுத்துடுங்க, எம்பிஎஃப்ஐ வண்டி. பக்கத்துல ஆயில், கிரீஸ் இல்லாம துடைச்சிருங்க. புதுக் கப்பை சுத்தியலால நேரடியா அடிக்காதீங்க, பழைய கப்பை வெளிப்பக்கம் கொஞ்சம் கிரைண்ட் பண்ணி மேல வச்சுத் தட்டினா நேரா இறங்கும்.

கோத்தகிரிக்காரன்:
அப்படியே நடந்தது! ஆறியதும் விரலால் தள்ளினேன், விழுந்துவிட்டது. புதுக் கப் இரண்டும் போட்டாகிவிட்டது. அடுத்தது ஷிம். பழைய ஷிம்மையே வைத்தால் போதாதா?

பழைய ஸ்பேனர்:
பழையதை வைத்து ஆரம்பியுங்கள், அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த வேலையில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஷாஃப்ட் போடாமல், பின் சீல் மாட்டாமல், டை ராட் இணைக்காமல், நக்கிளை மட்டும் கிங்பின்னோடு மாட்டுங்கள். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, போல்ட்களை 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்குங்கள். சில தடவை இடம் வலம் திருப்பி ரோலர் உட்காரட்டும். பிறகு டை ராட் எண்ட் மாட்டும் ஓட்டையில் மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி, அந்த ஓட்டை இருக்கும் நக்கிள் கைக்குச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் நகர ஆரம்பிக்கும்போது தராசு 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவே காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஷிம் ஒன்றை எடுங்கள், அதிகமாக இருந்தால் ஒன்றைச் சேருங்கள். 0.1 மி.மீ. தகடு ஒன்றுக்கே நல்ல வித்தியாசம் தெரியும். உதறல் பயத்தில் அதிகமாக இறுக்கிவிட்டால் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, பேரிங்கும் சீக்கிரம் போகும்.

ஷாஃப்டை ஏற்றும்போது கையால் தூக்கிப் பிடித்து நேராக விடுங்கள். அதன் பற்கள் புது சீலின் உதட்டைக் கிழித்துவிட்டால் அவ்வளவு உழைப்பும் வீண்.

சேற்றுமாடு:
1.8ஐத் தாண்டி 2.5 வைத்தால் இன்னும் நல்லதுதானே, எப்படியும் தளரத்தானே போகுது?

பழைய ஸ்பேனர்:
இல்லை.

கோத்தகிரிக்காரன்:
வலது பக்கம் ஒரு ஷிம் எடுத்ததும் தராசு ஒன்றரைக்கு வந்தது. இடது பக்கமும் அளந்து பார்த்தேன், ஒரு கிலோவுக்குக் கீழேதான் இருந்தது, அதிலும் பேரிங், சீல் எல்லாம் மாற்றிவிட்டேன். இடது ஹப் நட்டு கையால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது, வீல் பேரிங் நல்லாத்தான் இருக்கிறது, கிரீஸ் வைத்துச் சரிசெய்தாயிற்று. ப்ரீதர் அடைத்துத்தான் இருந்தது, குளவி இல்லை, வெறும் சேறு.

ஓட்டிப் பார்த்தேன். காரமடை பக்கம் அதே ஒட்டுகளில் 65 வரை போனேன், உதறல் இல்லை. ஆனால் ஸ்டீயரிங் ரொம்ப லேசாக இருக்கிறது, நேராக நிற்க மாட்டேன் என்கிறது, கைவிட்டால் எந்தப் பக்கமும் போகத் தயாராக இருக்கிறது.

பழைய ஸ்பேனர்:
அதுதான் அந்த நீள ஷேக்கிள். ஜிப்ஸியில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்சில் முன்னோக்கிச் சாயும், கேஸ்டர் (கிங்பின் அச்சின் பின்சாய்வு) குறையும். இருக்க வேண்டியது சுமார் மூன்றரை டிகிரி. கேஸ்டர் இல்லாத சக்கரம் தானாக நேருக்கு வராது, உதறலுக்கும் அது பாதி காரணம். அலைன்மெண்ட்டில் பெரும்பாலும் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருக்கும் அளவு) மட்டும்தான் திருப்பி வைப்பார்கள், திட ஆக்சிலில் கேஸ்டரைத் திருப்ப ஸ்க்ரூ கிடையாது.

பழைய அளவு ஷேக்கிள் போடுங்கள், புஷ்ஷும் சேர்த்து. உயரம் வேண்டும் என்றால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கேஸ்டர் ஆப்பு வைக்கலாம், இரும்பில், அலுமினியம் வேண்டாம், நசுங்கிப்போகும். சென்டர் போல்ட்டும் அதற்கேற்ற நீளம் வேண்டும். வெளியே தள்ளிய அகல ரிம் போட்டிருக்கிறீர்களா?

கோத்தகிரிக்காரன்:
ரிம் பழைய கம்பெனி ரிம்தான். உயரம் எனக்கு வேண்டியதில்லை, தேயிலைத் தோட்டத்துப் பாதைக்கு இருந்த உயரமே போதும். பழைய அளவு ஷேக்கிளே சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை வருகிறது.

பழைய ஸ்பேனர்:
அதைப் போட்டதும் டோ அளவு மறுபடி பாருங்கள், 2 முதல் 6 மி.மீ. உள்நோக்கி இருக்கட்டும். யூ போல்ட், கிங்பின் போல்ட் எல்லாம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். அந்த டேம்பரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள், ஆனால் 40க்கு மேல் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், பின்னால் வண்டி வராத ரோட்டில். அது இல்லாமலே ஆடவில்லை என்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

எம்எம்540 ராசா:
எனக்கும் பிரேக் சோதனை செய்தேன். இரண்டு பக்கமும் ஆடுகிறது. தனி இழை போடுகிறேன்.