காட்டுக்குள் மறைந்த ஸ்டாக் கார் பந்தயத் தடம்: வரலாற்றை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

எனோக்கரையான் (கேள்வி)

வணக்கம். நான் வட கரோலினாவில் வசிக்கிறேன். ஹில்ஸ்பரோவில் உள்ள ஆக்கனீச்சி பந்தயத் தடத்தை நடந்து பார்த்ததிலிருந்து பழைய தடங்கள் மீது ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஸ்டாக் கார், அதாவது சாலையில் ஓடும் சாதாரணக் கார்களை ஒத்த கார்களின் பந்தயங்களை நடத்தும் அமெரிக்க அமைப்பான நாஸ்கார், தன் உயர்நிலைத் தொடரை 1949-ல் தொடங்கியபோது முதல் பருவத்தில் பயன்படுத்திய எட்டுத் தடங்களுள் ஒன்று அது. 1968 செப்டம்பரில் ரிச்சர்ட் பெட்டி வென்ற பந்தயமே அங்கு நடந்த கடைசிப் பந்தயம். 0.9 மைல் நீளமுள்ள அந்த மண் தடத்தைச் சுற்றி இப்போது காடு வளர்ந்திருந்தாலும், அதற்கு நடைபாதை உண்டு, 2002-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் இடம் கிடைத்துவிட்டது.

என் சிக்கல், அப்படி எந்தப் பேரும் பெறாமல் போன ஒரு தடத்தைப் பற்றியது. எங்கள் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒரு பண்ணை நிலத்தில் ஐம்பதுகளில் கார்ப் பந்தயம் நடந்ததாகப் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு ஆண்டும் ஆளுக்கொரு பெயரும் சொல்கிறார்கள். ரசிகர்கள் தொகுத்த பட்டியல்களில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. இதை முறையாக ஆராய்ந்து எழுத வேண்டுமானால் எதிலிருந்து தொடங்குவது?

நிலவரைபடம்

முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள். பெயரையும் ஆண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பயிர்ப் பரப்பைக் கணக்கிடுவதற்காக அமெரிக்க வேளாண் துறை 1930-களிலிருந்தே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விமானத்திலிருந்து நிலங்களைப் படமெடுத்து வந்தது. சுற்றிலும் கட்டம் கட்டமாக வயல்கள் இருக்க, நடுவே வெளிறிய நீள்வட்டம் ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் பந்தயத் தடமாகவே இருக்கும். குதிரைப் பந்தயத் தடமாகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்; ஆக்கனீச்சியே முன்பு குதிரைகள் ஓடிய இடம்தான்.

அடுத்தது, விமானத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பித் தரையின் உயரத்தை அளந்து உருவாக்கும் லைடார் படம். மரங்களை நீக்கிவிட்டு வெறும் தரையின் மேடுபள்ளத்தை மட்டும் காட்டும் இந்தப் படங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் இலவசமாகவே தருகிறது. நேரில் போனால் புதரைத் தவிர ஒன்றும் தெரியாத காட்டில்கூட, வளைவுகளில் வெளிப்பக்கம் உயர்த்திக் கட்டிய மண்கரை நிழலாகத் தெளிவாக விழும். தடத்தின் நீளத்தையும் அதிலேயே அளந்துவிடலாம். அரை மைல் என்று விளம்பரம் செய்த தடம் உண்மையில் அதைவிடக் குறைவாக இருந்தால் வியக்காதீர்கள்.

பழைய_ஏடு

மேலே உள்ளவர் சொல்லும் வரிசையை நான் மாற்றுவேன். உள்ளூர் வார இதழ்களைப் புரட்டி ஆண்டைச் சுருக்கிக்கொண்டால், எந்த ஆண்டின் வான்வழிப் படத்தைத் தேடுவது என்ற குழப்பமே இராது. சாப்பல் ஹில் பல்கலைக்கழக நூலகத்தோடு இணைந்த டிஜிட்டல்என்சி தளத்தில் வட கரோலினாவின் சிற்றூர் நாளிதழ்களும் வார இதழ்களும் ஏராளமாக உள்ளன. அங்கே இல்லாதவை கவுண்டி நூலகத்தில் மைக்ரோஃபிலிம் சுருள்களாக இருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தை வைத்து, பந்தயம் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள் என்று மட்டுமே சொல்லலாம். நடந்தது என்று எழுத மறுவார முடிவுச் செய்தி வேண்டும். மண் தடத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், அன்றைய நிகழ்ச்சி ரத்து. ரசிகர் பட்டியல்களில் உள்ள பல தேதிகள் விளம்பரத்திலிருந்து எடுத்தவையோ என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

முடிவுச் செய்தியையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1963 டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் ஸ்பீட்வே பார்க்கில் வென்றவர் பக் பேக்கர் என்று அறிவித்து அவரிடம் கோப்பையையும் கொடுத்தார்கள். சில மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகுதான், உண்மையில் வென்றவர் கறுப்பின ஓட்டுநரான வெண்டல் ஸ்காட் என்று ஒப்புக்கொண்டார்கள். நாஸ்காரின் உயர்நிலைத் தொடரிலேயே நடந்தது இது. நூறு பேர் கூடி வேலியோரம் நின்று பார்த்த சிற்றூர்ப் பந்தயத்துக்கு ஒரே ஒரு செய்தித் துணுக்கு எப்படிச் சான்றாகும்?

பெயர்களும் ஆளை ஏமாற்றும். 1949 ஜூன் 19 அன்று நாஸ்காரின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயம் (அந்த உயர்நிலைத் தொடரின் அன்றைய பெயர்) நடந்த சார்லட் ஸ்பீட்வே முக்கால் மைல் மண் தடம். 1960-ல் கான்கார்டில் திறந்த ஒன்றரை மைல் சார்லட் மோட்டார் ஸ்பீட்வேயோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. மறுபுறம், ஆக்கனீச்சியே பிற்காலத்தில் ஆரஞ்ச் ஸ்பீட்வே என்று அழைக்கப்பட்டது. ஆகவே உங்கள் பெரியவர்கள் வெவ்வேறு பெயர் சொல்வதால் அவர்கள் நினைவு பிசகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

எனோக்கரையான்

இருவருக்கும் நன்றி. கவுண்டிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அந்த நிலத்தின் மூலப் பத்திரம் வரை பார்த்துவிட்டேன். பந்தயம் என்ற சொல்லே எங்கும் இல்லை. அப்படியானால் இடமே தவறா?

நிலவரைபடம்

அப்படிச் சொல்ல முடியாது. நிலம் விவசாயியின் பெயரில் இருக்கும். பந்தயம் நடத்தியவர் ஓரிரு பருவங்களுக்குக் குத்தகைக்கு எடுத்திருப்பார். அது பல சமயம் வாய்மொழி ஒப்பந்தமாகவே இருக்கும், பதிவாகாது. கவுண்டி ஆணையர்களின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையில் பந்தயம் நடத்துவதை எதிர்த்துத் தேவாலயத்தாரோ, இரைச்சலையும் புழுதியையும் பற்றி அக்கம்பக்கத்தாரோ மனுக் கொடுத்திருந்தால் அதில் தேதியோடு இருக்கும். புகார் மனுவைப் போல நல்ல சான்று கிடைப்பது அரிது.

செம்புழுதி

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், அண்ணா. அன்று யார் ஓட்டினார்கள், காரின் எண் என்ன, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். வீட்டிலிருக்கும் புகைப்படத்தை எடுத்துக் காட்டினால் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். படமெடுத்த கடையின் முத்திரையோ பென்சில் குறிப்போ பெரும்பாலும் அங்குதான் இருக்கும். படத்தில் உள்ள மிகப் புதிய காரின் மாடல் ஆண்டு தெரிந்தால், படம் அதற்கு வெகுகாலம் முந்தையதாக இருக்க வழியில்லை. நிலத்துக்குள் காலடி வைக்குமுன் இன்றைய உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். அவர் வீட்டுக் கொட்டகையிலேயே பழைய டிக்கெட் கட்டு ஒன்று கிடந்தாலும் கிடக்கும்.