முதல் டேபிள் சா: பழைய வார்ப்பிரும்பா, புதிய அலுமினியமா?

புதுத்தச்சன்:
வணக்கம். புத்தக அலமாரி, சிறு மேசை ஆகியவற்றைச் செய்யக் கற்று வருகிறேன். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு டேபிள் சாக்கள் (மேசை நடுவே வட்ட பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் ரம்ப இயந்திரங்கள்) கிடைக்கின்றன. ஒன்று, வார்ப்பிரும்பு மேசையும் இண்டக்‌ஷன் மோட்டாரும் கொண்ட பழைய இயந்திரம். மற்றது, அலுமினிய மேசையுடன் தூக்கிச் செல்லக்கூடிய புதியது. இரண்டிலும் 10 அங்குல பிளேடுதான். எதை வாங்கலாம்?

தேக்குவைரம்:
தயங்காமல் பழையதை வாங்குங்கள். கனமான வார்ப்பிரும்பு மேசை அதிர்வைத் தாங்கிக்கொள்வதால், அறுத்த பக்கத்தை அதிகம் இழைக்கத் தேவையிருக்காது. இண்டக்‌ஷன் மோட்டாரில் இரைச்சலும் குறைவு. சிறு இயந்திரங்களின் யுனிவர்சல் மோட்டார் காதைப் பிளக்கும். அதன் கார்பன் பிரஷ்களும் தேய்ந்துபோகும்.

இழைப்புளி:
எடையைப் பற்றி நண்பர் கூறுவது சரிதான். ஆனால் கேட்பவர் புதியவர். அவர் முதலில் பார்க்க வேண்டியது ரைவிங் நைஃப், அதாவது பிளேடுக்குப் பின்னால் நின்று அறுத்த பிளவை மூடவிடாமல் தடுக்கும் தகடு, இருக்கிறதா என்பதையே. பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது மரத்துக்குள் இருந்த இறுக்கம் விடுபட்டு, பிளேடுக்குப் பின்னால் பிளவு மூடிக்கொள்ளக்கூடும். பின்பக்கப் பற்கள் மேலெழும்பி நம்மை நோக்கி வருபவை என்பதால், அவற்றில் சிக்கிய பலகை நிற்பவர் மீதே பாயும். நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழலும் 10 அங்குல பிளேடின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கை அதைத் தடுத்து நிறுத்த முடியாது.

தேக்குவைரம்:
பழைய இயந்திரங்களிலும் ஸ்ப்ளிட்டர் என்ற தகடு உண்டே! பிளவை மூடவிடாமல் அதுவும் தடுக்கிறது.

இழைப்புளி:
தடுக்கிறது, மாட்டியிருக்கும்வரை. ரைவிங் நைஃப் பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கும், ஸ்ப்ளிட்டர் அப்படியல்ல. பலகையில் பள்ளம் மட்டும் எடுக்க வேண்டுமானால் அதைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதை மறுபடி மாட்டச் சோம்பல்பட்டு மூலையில் போட்டுவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்தப் பழக்கம் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

தேக்குவைரம்:
சரி, பலகையை ஒட்டித் தள்ளும் சட்டமான ஃபென்ஸுக்கு என்ன சொல்கிறீர்கள்? மலிவான சிறு இயந்திரங்களில் ஃபென்ஸ் அசைகிறது. பிளேடுக்கு இணையாக நிற்காத ஃபென்ஸ், நீங்கள் அஞ்சும் அதே ஆபத்தைத்தான் உண்டாக்கும். அந்தச் சிறிய மேசையில் 8க்கு 4 அடி பிளைவுட்டை எப்படித் தள்ளுவது?

இழைப்புளி:
முழு பிளைவுட்டைப் புதியவர் எந்த டேபிள் சாவிலும் தள்ள வேண்டாம். தரையில் கிடத்தி, நேர்ச்சட்டம் பிடித்து, கையில் ஏந்தும் வட்ட ரம்பத்தால் துண்டாக்கிக்கொள்ளலாம். ஃபென்ஸ் பற்றிய எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரே பல்லில் அடையாளமிட்டு, அதை முன்னும் பின்னும் திருப்பி, மேசைப் பரப்பில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்திலிருந்து அந்தப் பல்லுக்குள்ள தூரத்தை இரு இடத்திலும் அளக்க வேண்டும். பிறகு அதே பள்ளத்திலிருந்து ஃபென்ஸின் இரு முனைகளையும் அளக்க வேண்டும். ஃபென்ஸைப் பூட்டித் திறந்து மறுபடி பூட்டிய பிறகு அளவு மாறினால் அந்த இயந்திரம் வேண்டாம்.

புதுத்தச்சன்:
பழைய இயந்திரத்தில் ஸ்ப்ளிட்டரே இல்லை என்று விற்பவர் இப்போதுதான் கூறினார். எனவே புதியதை அளந்து பார்த்து வாங்குகிறேன்.

தேக்குவைரம்:
ஸ்ப்ளிட்டர் இல்லையென்றால் நானும் பழையதைப் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல நிலையில் உள்ள வார்ப்பிரும்பே மேல் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. புதியதற்கு மெல்லிய பிளேடு வாங்கும்போது கவனியுங்கள்: ரைவிங் நைஃபின் தடிமன் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், பற்கள் அறுக்கும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் பலகை அதில் முட்டி, பாதி அறுப்பில் நின்றுவிடும்.