மறு: ஃபார்ம் டீமுக்குப் 'பண்ணை அணி' வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் ஐஸ் ஹாக்கிக் கலைச்சொல் பட்டியலில் ஆட்டக்களம், கருவிகள் தொடர்பான சொற்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. பக்குக்கு 'வட்டு' என்று முடிவானதில் எனக்கு மகிழ்ச்சி. வட்டாடுவது குறளிலேயே வருகிறது. மூன்று அங்குல விட்டமுள்ள அந்த ரப்பர் வில்லைக்கு நன்றாகப் பொருந்தும். இழுபறியெல்லாம் ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கை தொடர்பான சொற்களில்தான். அதிலும் மேல்நிலை அணிக்கு ஆட்டக்காரர்களைத் தயார்செய்து தரும் இணை அணியான ஃபார்ம் டீம் என்பதற்குப் 'பண்ணை அணி' என்று பட்டியலில் ஏறியிருப்பதை நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம். கோழிப்பண்ணை, பால்பண்ணை எல்லாம் எங்களுக்கும் உண்டு. ஆனால் வெறுமனே பண்ணை என்றால் பண்ணையாரும் பண்ணையாளும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். பண்ணையாள் என்பவர் விரும்பினால் வேலையை விட்டுப் போகக்கூடிய கூலியாள் அல்ல. வாங்கிய கடனுக்காகக் குடும்பத்தோடு ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர். அவருக்காக 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே ஒரு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். இந்த மண்ணில் இருந்துகொண்டு, இருபது வயது ஆட்டக்காரர் ஒருவர் 'பண்ணை அணியில் சேர்ந்தார்' என்று என்னால் எழுத முடியாது.

சென்னை நண்பர் ஒருவர் எதிர்வாதம் வைத்தார்: அந்தக் காலத்து வட அமெரிக்க ஹாக்கிக்காரர்களும் கட்டுண்டுதானே கிடந்தார்கள், அப்படியானால் சொல் சரிதானே என்று. வாதத்தில் உண்மை இருக்கிறது. அப்போது 'சி படிவம்' என்று ஒன்று இருந்தது. பள்ளி வயதுப் பையனிடம் அதில் கையெழுத்து வாங்கிவிட்டால் அவனுடைய ஆட்ட உரிமை அந்தக் கிளப்புக்கே. பின்னாளில் பெரும் நட்சத்திரமான பாபி ஓர் 1962இல் பாஸ்டன் அணியோடு ஒப்பந்தமானபோது அவருக்கு வயது 14. டெட்ராய்ட்டில் நட்சத்திரமாக இருந்த டெட் லின்ட்சே 1957இல் ஆட்டக்காரர் சங்கம் அமைக்க முயன்றார். அதே ஆண்டு அவரைச் சிகாகோ அணிக்கு மாற்றி அனுப்பிவிட்டார்கள். சரி, அந்தக் காலத்தைப் பற்றிய கட்டுரையில் 'பண்ணை முறை' என்று தாராளமாக எழுதலாம், நானே எழுதுவேன். ஆனால் 1967இலேயே ஆட்டக்காரர் சங்கம் வந்துவிட்டது. இன்றைய நடைமுறைக்கான கலைச்சொல்லில் அந்தப் பொருளை ஏற்றக்கூடாது.

இன்றைய நடைமுறை இதுதான். வட அமெரிக்காவின் உச்சநிலை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்லில் 32 அணிகள். அதற்கு அடுத்த நிலையான ஏ.எச்.எல்லிலும் 32. மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் இணை. டொராண்டோவில் மேலே உள்ள மேப்பிள் லீஃப்ஸ், அதன் இணையான மார்லீஸ் இரண்டுமே ஒரே ஊரில் இருக்கின்றன. என்.எச்.எல். ஆட்டக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏ.எச்.எல். வழியாக வந்தவர்கள்.

அதனால்தான் 'நாற்றங்கால் அணி' என்று திருவாரூர் நண்பர் சொன்னபோது எனக்கும் பிடித்துப்போனது. காதுக்கும் இனிமை. ஆனால் நாற்றைப் பறித்து, வேர்மண்ணைத் தண்ணீரில் அலசி, முடியாகக் கட்டி வயலில் வீசியபின் அது நாற்றங்காலுக்குத் திரும்புவதில்லை. ஹாக்கிக்காரர் திரும்புகிறார். மேலே ஒருவர் காயமடைந்தால் இவரைக் கூப்பிடுவார்கள். அவர் தேறி வந்ததும் இவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே பருவத்தில் இது பலமுறை நடக்கும். அப்புறம், கீழேயே தொழிலை நடத்தி முடிப்பவர்களும் உண்டு. என்.எச்.எல்லில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் வில்லி ஓரீ. 1958இல் தொடங்கி மொத்தம் 45 ஆட்டங்கள்தான் அங்கே ஆடினார். மற்றபடி அவருடைய நெடிய ஆட்ட வாழ்க்கை முழுக்கக் கீழ்நிலை லீக்குகளில்தான் கழிந்தது. அவ்வளவு காலம் ஆடியவரை நாற்று என்பது நியாயமில்லை.

என் பரிந்துரை: மேலணி, கீழணி.

கீழ் என்பது இழிவாகத் தொனிக்கும் என்று இருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். டெல்டாவில் அப்படித் தொனிக்காது. முக்கொம்பில் மேலணை, அணைக்கரையில் கீழணை. இரண்டும் ஆர்தர் காட்டன் காலத்துக் கட்டுமானம். கீழணையை மட்டம் என்று யாரும் நினைப்பதில்லை, பாசனத்துக்கு அதை நம்பித்தான் அந்தப் பக்கத்து ஊர்கள் இருக்கின்றன. தஞ்சாவூர்க் கீழவாசலும் அப்படித்தான். இன்னொன்று, இந்தச் சோடியை எடுத்துக்கொண்டால் வினைகள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன: மேலே அழைத்தார்கள், கீழே அனுப்பினார்கள். ஹாக்கிக்காரர்கள் பேசுவதும் இதே தோரணையில்தான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "ஜோர்டன் பின்னிங்டன் 2018-19 பருவத்தைச் சான் அன்டோனியோவில் கீழணியில் தொடங்கினார். செயின்ட் லூயிஸ் மேலணிக்கு அழைக்கப்பட்டு, 2019 ஜனவரியில் முதன்முறையாகத் தொடக்கக் கோல்காப்பாளராக இறங்கினார். அதே ஆண்டு ஜூனில் அந்த அணி என்.எச்.எல். வாகையருக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது." தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

டூ-வே கான்ட்ராக்ட் என்பதற்கு 'இருவழி ஒப்பந்தம்' வேண்டாம், சாலைப் போக்குவரத்து போல இருக்கிறது. மேலே ஒரு சம்பளம், கீழே ஒரு சம்பளம் என்பதுதான் அதன் சாரம். 2025-26 பருவத்தில் மேலணியில் குறைந்தபட்சச் சம்பளமே 7,75,000 டாலர். கீழே இறங்கினால் பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே 'இருசம்பள ஒப்பந்தம்' என்றே வைக்கலாம்.

வேவர்ஸ் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அனுபவப்பட்ட ஒருவரைக் கீழே அனுப்பும் முன் மற்ற அணிகள் அவரை எடுத்துக்கொள்ள 24 மணி நேரம் தரவேண்டும் என்பது விதி. பட்டியலில் உள்ள 'விலக்கு' இதைச் சொல்லவில்லை. 'கோரற்பட்டியல்' என்றால் பொருந்துமா? மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.