ரவுட்டர் ஜிக்கில் வெட்டும் டவ்டெயில் இணைப்பு தளர்வாக அமைவது ஏன்?

கேள்வி: மரப்பெட்டியின் மூலைகளில் டவ்டெயில் (ஒன்றோடொன்று கோக்கும் புறாவால் வடிவப் பற்கள்) இணைப்பை, ரவுட்டரில் (மரத்தைக் குடையும் சுழல் கருவி) அரை அங்குல, 14 பாகை டவ்டெயில் பிட்டை (வெட்டும் அலகு) மாட்டி, ஜிக்கில் (பலகையைப் பிடித்து வெட்டை வழிநடத்தும் சட்டம்) வெட்டுகிறேன். இணைப்பு கையால் அசைத்தாலே ஆடுகிறது; வெட்டின் விளிம்பில் நாரும் பிய்கிறது. எதைத் திருத்த வேண்டும்?

மறுமொழி 1: பிட்டின் ஆழத்தைச் சற்றுக் கூட்டுங்கள். ஆழம் கூடினால் இணைப்பு இறுகும், குறைந்தால் தளரும் என்பதால், ஒரு தாளின் தடிமன் அளவுக்கு மட்டும் மாற்றி, அதே தடிமனுள்ள கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்த பிறகே நல்ல பலகையைப் பொருத்துங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றும் இறுக்கமும் வேண்டாம். பசை பட்டதும் மரம் உப்பும்.

மறுமொழி 2: நார் பிய்வதற்கு, டெம்ப்ளேட்டின் (ஜிக்கில் உள்ள, ரவுட்டருக்கு வழிகாட்டும் தகடு) விரல் போன்ற நீட்சிகளுக்குள் நுழையுமுன் முகப்பு விளிம்பை வலமிருந்து இடமாக மிக மெலிதாக ஒருமுறை சீவிவிடுங்கள், அப்போது ரவுட்டர் கையை இழுக்கும், உறுதியாகப் பிடிக்கவும். பிட் முழுதும் நிற்குமுன் ரவுட்டரை மேலே தூக்கினால் டெம்ப்ளேட்டும் போய்விடும், பலகையும் போய்விடும்.