லிஃப்ட் பழுது, கொலைகாரன் ஆர்?

குழு: எங்கட ஃபிளாட்ஸ் (தண்ணி, லிஃப்ட், மற்றது), வெள்ளவத்தை

சனி

வதனி, 5ஆம் மாடி (பி.ப. 4.12): லிஃப்ட் திரும்பவும் நிண்டிட்டுது. மூண்டாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில. உள்ளுக்க ஒருத்தரும் இல்லை, நல்ல காலம். திருத்திறவை திங்கள்தான் வருவினமாம்.

குகன்: போன மாசமும் "திங்கள்" எண்டுதான் சொன்னவை. எந்தத் திங்கள் எண்டு கேட்டனீங்களோ?

சாந்தி அக்கா: லிஃப்ட் கதைக்குள்ள வேற கதை எடுக்கிறதுக்கு மன்னியுங்கோ. எங்கட மகள் அபி ஓ.எல். சோதினை எழுதி முடிச்சிட்டாள். விடிஞ்சா பொழுதுபட்டா ஃபோன்தான். நேற்றுப் பறிச்சு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிட்டன். இப்ப "அப்ப வாசிக்க என்னவும் தாங்கோ" எண்டு நிக்கிறாள். பேய், மந்திரம், விண்வெளி, கொலை இதுகள் மட்டும்தானாம். ஆரும் நல்ல புத்தகம் சொல்லுங்கோ.

குகன்: அக்கா, சரியான ஆளிட்டக் கேட்டிருக்கிறீங்கள். பத்து நிமிசம் தாங்கோ.

குகன் (4.31): த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ், டியூன், ஃபவுண்டேஷன், த த்ரீ பொடி ப்ரொப்ளம், ப்ரொஜெக்ட் ஹெய்ல் மேரி, த கேவ்ஸ் ஒஃப் ஸ்டீல், டிஸ்க்வேர்ல்ட் (41 புத்தகம், எல்லாம் என்னட்ட இல்லை), ஷெர்லொக் ஹோம்ஸ் முழுத்தொகுப்பு, அகதா கிறிஸ்டி எதெண்டாலும். இது முதல் தவணை.

ராசா அங்கிள்: தம்பி, இது புத்தகம் சொல்லுறது மாதிரி இல்லை. கலியாண வீட்டுச் சாமான் லிஸ்ட் மாதிரிக் கிடக்கு. பிள்ளை எந்த மூலையில தொடங்கிறது?

சாந்தி அக்கா: அதுதானே. எனக்கே தலை சுத்துது.

ராசா அங்கிள்: சாந்தி, ஒண்டு சொல்லுங்கோ. பிள்ளை கடைசியா எதுக்காக நித்திரை முழிச்சவ? சோதினையைச் சொல்லேல்ல.

சாந்தி அக்கா: அது ஒரு ஜப்பான் கார்ட்டூன் அங்கிள். ஒரு பெடியன் கொப்பியில ஆளின்ர பேரை எழுதினா அந்த ஆள் செத்துப்போகுது. ரெண்டு இரவா விடியவிடியப் பாத்தவள். அதுக்குப் பேந்துதான் ஃபோனைப் பறிச்சனான்.

ராசா அங்கிள்: அப்ப விசயம் முடிஞ்சுது. அந்தக் கதையை நான் பாக்கேல்ல. ஆனா கொலைகாரன் ஆர் எண்டு தொடக்கத்திலயே தெரியுது, அவனைப் பிடிக்க ஒருத்தன் வாறான், ரெண்டுபேரும் மூளைக்காரர். அப்பிடித்தானே? இந்தப் பிள்ளைக்கு "ஆர் செய்தது" எண்ட கதை முதல்ல வேண்டாம். "எப்பிடிப் பிடிபடப் போறான்" எண்ட கதை வேணும். ஜப்பான்காரர் ஒருத்தர் இருக்கிறார், கெய்கோ ஹிகஷினோ. "த டிவோஷன் ஒஃப் சஸ்பெக்ட் எக்ஸ்", 2005. முதல் அத்தியாயத்திலயே கொலை எங்கட கண்ணுக்கு முன்னால நடக்குது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதை மறைச்சுக் குடுக்கிறார். அவருக்குப் பின்னால வாறவர், அவரோட ஒரே கம்பஸில படிச்ச பௌதிகக்காரர். பொலிசை விட அந்த ஆளுக்குத்தான் வாத்தியார் பயப்பிடோணும்.

குகன்: அங்கிள், நீங்கள் உதெல்லாம் வாசிக்கிறனீங்களோ? நான் தேவாரம் மட்டும் எண்டு நினைச்சன்.

ராசா அங்கிள்: தேவாரம் காலமை. கொலை மத்தியானம், சாப்பிட்டாப்போல.

ரிஸ்வானா மிஸ், 1ஆம் மாடி: அங்கிள் கேட்டது சரியான கேள்வி. வகுப்பில் நானும் அதைத்தான் கேட்பேன். பெயர் எழுதினால் உயிர் போகும் என்ற கதை பிடித்த பிள்ளைக்கு உர்சுலா லெ குவின் எழுதிய "எ விசர்ட் ஒஃப் எர்த்சீ" கொடுக்கலாம். 1968இல் வந்தது. அந்த உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அது தெரிந்தவனுக்குத்தான் மந்திரம் பலிக்கும். அதனால் யாரும் தன் உண்மைப் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். சின்னப் புத்தகம்தான்.

சாந்தி அக்கா: விசர்ட்?? பிள்ளைக்கு விசர் பிடிக்கிற புத்தகமோ மிஸ்?

ரிஸ்வானா மிஸ்: மந்திரவாதி, சாந்தி. மந்திரவாதி!

வதனி: ஹாஹாஹா. பஸ்ஸில தனிய இருந்து சிரிக்கிறன், பக்கத்து அன்ரி ஒரு மாதிரிப் பாக்கிறா.

சாந்தி அக்கா (5.02): இது அபி. அம்மான்ர ஃபோன். என்னைப் பற்றி இவ்வளவு கதைச்சிருக்கிறீங்கள், என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல!! மிஸ் சொன்ன புத்தகம் வேணும். அங்கிள் சொன்னதும் வேணும். தமிழில இப்பிடி ஒண்டும் இல்லையோ?

ராசா அங்கிள்: பிள்ளை, ஏன் இல்லாம? சுஜாதா எழுதின "என் இனிய இயந்திரா". கதை நடக்கிறது 2021, 2022இல. நாங்கள் ஊரடங்கில அரிசிக்கும் பிறகு காஸுக்கும் கியூவில நிண்ட காலம். அந்தாள் அதை எண்பதுகளில விகடனில எழுதேக்க, எங்களுக்கு அது எட்டாத எதிர்காலம். ஒரு சர்வாதிகாரி ஆளுறான். பிள்ளை பெறுறதுக்கும் அரசாங்கத்திட்ட அனுமதி வேணும். எல்லாருக்கும் பேர் ரெண்டெழுத்துத்தான். நிலா, சிபி, ஜீவா. ஜீனோ எண்டு ஒரு இயந்திர நாய், அது புத்தகம் வாசிச்சு வாசிச்சு மனிசரை விடக் கெட்டிக்காரனா வந்திடும். அபி எண்ட பேருக்கு அங்க அனுமதி இருக்கு. இராசரத்தினம் எட்டெழுத்து, என்னை உள்ளுக்க விடாங்கள்.

சாந்தி அக்கா: ராசா எண்டு குடுத்தா விடுவாங்கள் அங்கிள். (அபி)

ராசா அங்கிள்: கெட்டிக்காரி. இன்னொண்டு சொல்லோணும். நான் அப்ப யாழ்ப்பாணத்தில. விகடன் ரயிலில வரவேணும். ஒரு கிழமை வரும், ரெண்டு கிழமை வராது. ரயில் ஓடாட்டி ஜீனோவும் இல்லை. வராத கிழமைக்கு நானும் என்ர சிநேகிதனும் வாசிகசாலைத் திண்ணையில இருந்து நாங்களே கதை கட்டுவம். அடுத்த இதழ் வந்து பாத்தா எல்லாம் பிழையா இருக்கும். பல வருசம் கழிச்சுப் புத்தகமா வாங்கி வாசிக்கேக்க, நாங்கள் கட்டின அத்தியாயத்தைத்தான் நான் தேடினது. உண்மையாச் சொல்லுறன், ஒரு இடத்தில எங்கட கதை திறம்.

வதனி: சுஜாதா எண்டா எனக்குக் கணேஷ், வசந்த்தான், அந்தத் துப்பறியிற லோயர்மார். பஸ்ஸுக்கு அளவான புத்தகங்கள். ஏறினா பம்பலப்பிட்டி, தலையை நிமித்தினா கோட்டை. எதில தொடங்கிறது எண்டு கேட்டா "கொலையுதிர் காலம்". பேயோ, விஞ்ஞானமோ எண்டு கடைசி வரைக்கும் இழுத்தடிப்பார். அபிக்குப் பேயும் வேணும், கொலையும் வேணும். ஒரே கல்லில ரெண்டு மாங்காய்.

குகன்: கணேஷ் முதல் வந்தது "நைலான் கயிறு", 1968. அப்ப வசந்த் இல்லை. வசந்த் இல்லாத கணேஷ் உப்பில்லாத சொதி.

ரிஸ்வானா மிஸ்: நம் நாட்டுப் புத்தகம் ஒன்றையும் ஒருவரும் சொல்லவில்லையே. சித்திலெப்பை 1885இல் "அசன்பேயுடைய கதை" எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பாடத்தில் ஒரு வரி வரும், பிள்ளைகள் அந்த வரியைப் பாடமாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? எகிப்தில் ஒரு பெரிய வீட்டுக் குழந்தையைக் கடத்திக்கொண்டு பம்பாய்க்கு வருகிறார்கள். முழுக்க முழுக்க மர்மக் கதை! சோதினைக்கு அதைக் கேட்கிறோம், ஆனால் வாசிக்கக் கொடுப்பதில்லை. என் மீதும்தான் பிழை.

குகன்: நம் நாடு எண்டா நான் விடமாட்டன். விண்வெளிக் கதை எழுதின ஆர்தர் சி. கிளார்க்!! 1956இல இஞ்ச வந்தவர், கடைசி மட்டும் இஞ்சதான். வீடு பார்ன்ஸ் பிளேஸ். பொரளைக் கனத்தையிலதான் புதைச்சவை. அவற்ற "த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்", 1979, முழுக்க எங்கட நாட்டை வைச்சு எழுதினது. சிகிரியா இருக்கு, சிவனொளிபாத மலை இருக்கு, பேர்தான் வேற. கதை என்ன தெரியுமோ? லிஃப்ட்.

வதனி: என்ன?

குகன்: லிஃப்ட்தான். மலை உச்சியில இருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுறது. 35,786 கிலோமீற்றர் உயரத்தில ஒரு செய்மதி சுத்தினா, பூமி சுத்துற அதே வேகம் வரும். கீழ இருந்து பாக்க ஒரே இடத்தில நிக்கிற மாதிரி. எங்கட டிவி டிஷ் எல்லாம் ஒரு பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறது அதாலதான். தொலைத்தொடர்புக்கு இதைப் பாவிக்கலாம் எண்டு 1945இலயே கட்டுரை எழுதினவர் கிளார்க். அந்த உயரத்தில இருந்து கீழ ஒரு கயிறு இறக்கி, மற்றப் பக்கம் பாரம் கட்டினா, கயிறு விழாது. அதில லிஃப்ட் ஓடலாம். ஆனா அப்பிடி அசையாம நிக்கிறது பூமத்திய ரேகைக்கு நேர மேல மட்டும்தான். இலங்கை அங்க இல்லையே? அதால கதைக்காக நாட்டையே 800 கிலோமீற்றர் தெற்கால இழுத்து வைச்சிட்டார்.

வதனி: 36,000 கிலோமீற்றருக்கு லிஃப்ட். எங்களுக்கு அஞ்சு மாடி ஏறேல்ல. அதைத் திருத்திறவையும் திங்கள்தான் வருவினமோ?

ராசா அங்கிள்: கிளார்க் போனது 2008 மார்ச் 19. சுஜாதா போனது அந்த வருசமே பெப்ரவரி 27. சரியா மூண்டு கிழமை இடைவெளி. எனக்கு அந்த மாசம் வாசிக்க ஒண்டும் பிடிக்கேல்ல.

குகன்: இப்ப இருக்கிற ஆக்களில வஜ்ர சந்திரசேகர. கொழும்புக்காரர். "த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்", 2023, விஞ்ஞான, மாயக் கதைகளுக்குக் குடுக்கிற நெபியூலா விருது வாங்கினது. பிள்ளை பிறந்த உடனே தாய் அதின்ர நிழலைப் பித்தளை ஆணியால நிலத்தில அறைஞ்சு பிடுங்கி எடுக்கிறா. முதல் வசனமே அது. ஆனா அபி, இப்ப வேண்டாம். நானே பாதிவரைக்கும் தடவித் தடவித்தான் போனனான்.

சாந்தி அக்கா: அந்த புக்கர் பரிசு வாங்கினது? எங்கட ஒஃபிசில எல்லாரும் கதைச்சவை.

ரிஸ்வானா மிஸ்: ஷெஹான் கருணாதிலக்க, 2022. "த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்டா". செத்துப்போன புகைப்படக்காரன் தன்னைக் கொன்றது யார் என்று தானே தேடுகிறான், ஏழு இரவு தவணை. பேயும் கொலையும் கொழும்பும் ஒன்றாய் வரும். ஆனால் 1989, 90. கொழும்பு நடுவில் இருக்கிற பேரை வாவியில் உடல் போடுகிற காலம். சாந்தி, முதலில் நீங்கள் வாசியுங்கள். பிள்ளைக்கு எப்போது என்று பிறகு உங்களுக்கே தெரியும்.

ராசா அங்கிள்: ஓம். நான் அந்தக் காலத்தில கோட்டையில வேலை. பேரை வாவிப் பக்கம் பாக்காமல்தான் நடந்து போறது. அந்தப் புத்தகத்தை மூண்டு தரம் மூடி வைச்சுத்தான் முடிச்சனான்.

ராசா அங்கிள் (6.20): சரி, பிள்ளைக்கு வருவம். "ஆர் செய்தது" எண்ட கதையும் ஒண்டு வேணும் எண்டால், கிறிஸ்டியின்ர "த மேர்டர் ஒஃப் ரொஜர் அக்ரொய்ட்", 1926. என்ர பிரதி மருதானையில, விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையில வாங்கினது. அட்டை இல்லை, நடுவில தேத்தண்ணிக் கறை. ரயிலில இருந்து வாசிச்சுக்கொண்டு வாறன், 43ஆம் பக்கத்தில ஒரு பேருக்குக் கீழ பென்சிலால கோடு, பக்கத்தில அம்புக்குறி போட்டு "இவன்தான்". தமிழில! எனக்கு வந்த கோவத்துக்குப் புத்தகத்தை யன்னலால கடலுக்க எறியப் பாத்தன். காசு குடுத்தது எண்டு வைச்சிருந்தன். பேந்து வாசிச்சு முடிச்சாத்தான் தெரியுது, பென்சில்காரன் பிழை! அவனும் பாதியில குந்தியிருந்து ஊகிச்சிருக்கிறான். அந்தப் பென்சிலை நான் இண்டைக்கும் அழிக்கேல்ல.

குகன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராசா அங்கிள்: குகன்!! நான் கண்டிட்டன். முடிவைக் குரூப்பில போடுறதோ?

குகன்: ஐயோ அங்கிள், கை தவறிப் போச்சு. உடனே அழிச்சிட்டன். ஒருத்தரும் கண்டிருக்கமாட்டினம்.

வதனி: நான் கண்டன்.

வதனி: நான் அதைத்தான் இப்ப வாசிச்சுக்கொண்டிருக்கிறன். பஸ்ஸில. கையில கிடக்கு. 180ஆம் பக்கம்.

குகன்: சொறி வதனி. சொறி சொறி.

சாந்தி அக்கா: அபி குளிக்கப் போட்டாள், காணேல்ல. கடவுளே.

ராசா அங்கிள்: கொலைக்கதையில முடிவைச் சொல்லுறது பொக்கற்றடிக்கிற மாதிரி. என்ன தண்டனை எண்டு வதனி சொல்லட்டும்.

வதனி: கீழ என்ர காஸ் சிலிண்டர் வந்து நிக்குது. லிஃப்ட் இல்லை. அஞ்சாம் மாடி.

குகன்: ...வாறன்.

ராசா அங்கிள்: அபிக்குப் புத்தகம் நான் இப்ப அனுப்புறன். லெ குவின் மிஸ்ஸிட்ட இருக்காம். சுஜாதா காலி வீதியில பூபாலசிங்கத்தில கேளுங்கோ, இல்லாட்டி 57ஆம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்க நூலகத்தில. இரவல் எண்டாத் திருப்பித் தரவேணும், அது மட்டும்தான் சட்டம்.

குகன் (7.05): சிலிண்டர் ஏத்தியாச்சு. என்ர முதுகு இனிமேல் துப்பறியும் கதை வாசிக்காது.

ஞாயிறு

சாந்தி அக்கா (பி.ப. 10.48): அபி. அம்மா நித்திரை, சத்தம் போடாதேங்கோ. அங்கிள், ஒரு கேள்வி.

ராசா அங்கிள்: சொல்லு பிள்ளை. எத்தினையாம் பக்கம்?

சாந்தி அக்கா: 112. பென்சில் கண்டன். எனக்கு அதுக்கு முதலே அந்த ஆளிலதான் சந்தேகம்.

சாந்தி அக்கா: ஆனா பென்சில்காரன் பிழை எண்டு நீங்கள் நேற்றே குரூப்பில சொல்லிட்டீங்கள். இப்ப நான் அந்த ஆளைச் சந்தேகப்பட ஏலாது. மிச்சம் கொஞ்சப் பேர்தான்.

ராசா அங்கிள் தட்டச்சு செய்கிறார்...

ராசா அங்கிள்: ஐயோ.

குகன்: அங்கிள், எங்கட வீட்டுச் சிலிண்டர் நாளைக்கு வருது. நாலாம் மாடி.