கவாசாகி டைஷி கோயில் தெருவுல குஸுமோச்சி

டோக்கியோ வர்றவங்க பெரும்பாலும் அசாகுசாதான் போறாங்க, நிங்யோயாகிங்கற குட்டி கேக்கைச் சுடச்சுட வாங்கிச் சாப்பிட்டு போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க, நல்லாதான் இருக்கும், ஆனா அதுல முட்டை உண்டு. எங்க அத்தை ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க, முட்டை வாசனையே ஆகாது. அதான் அவங்களை கவாசாகி டைஷி கோயிலுக்கு கூட்டிட்டுப் போனேன், அங்க குஸுமோச்சின்னு ஒரு ஸ்வீட் கிடைக்கும். ஸ்வீட்டுக்காகன்னே போறதா இருந்தா நான் அசாகுசாவை விட இந்த இடத்தைத்தான் சொல்லுவேன்.

ஷினகாவாலேர்ந்து கெய்க்யூ ட்ரெயின் ஏறி கெய்க்யூ கவாசாகில இறங்கி டைஷி லைனுக்கு மாறணும், மூணாவது ஸ்டேஷன். 1899லயே கரண்ட்ல ஓட ஆரம்பிச்ச லைன் அது, கோயிலுக்கு வர்ற கூட்டத்தை நம்பியே போட்டது. கோயிலோட முறையான பேரு ஹெய்கென்ஜி, 1128ல கட்டினது, கெட்ட காலம் விலகணும்னு வேண்டிக்க வருவாங்க. வருஷப்பிறப்பு சமயத்துல மட்டும் போயிடாதீங்க, மூணு நாள்ல 30 லட்சம் பேர்கிட்ட வருவாங்க, தெருவுல கால் வைக்க இடம் இருக்காது.

கோயில் வாசலுக்கு முன்னாடி இருக்கற சின்ன கடைத்தெருதான் நாகாமிசே. தெருவுக்குள்ள நுழையறப்பவே மிட்டாய் வெட்டற சத்தம் கேட்கும், டொன் டொக்கொ டொன் டொக்கொன்னு. நீளமா உருட்டின பாகை பலகையில வெச்சு கத்தியால தட்டித் தட்டி வெட்டுவாங்க, வெட்டற நேரம் போக கத்தி சும்மா பலகையில தாளம் போட்டுட்டே இருக்கும். இந்தத் தெருவோட சத்தம் 1996ல ஜப்பான் அரசாங்கம் வெளியிட்ட, காப்பாத்தி வைக்க வேண்டிய நூறு ஒலிகள் பட்டியல்லயே இருக்கு. அத்தைக்கு அந்தக் கடையை விட்டு நகர மனசே வரல, வெட்டிட்டிருந்தவர் அதைப் பார்த்துட்டு ஒரு துண்டை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டினாரு, கினாகோ போட்டது. கினாகோன்னா வறுத்த சோயா மாவு.

அப்புறம்தான் குஸுமோச்சி கடை. கியோட்டோ பக்கம் இதே பேர்ல கிடைக்கறது ஒரு கிழங்கு மாவுல பண்றது, இது வேற ஐட்டம். இங்க கோதுமை மாவைப் பிசைஞ்சு அலசி, பசை மாதிரி இருக்கறதைத் தனியா எடுத்துட்டு, அடியில தங்கற ஸ்டார்ச்சை மட்டும் தண்ணியில ஊற வெச்சு ஒரு வருஷத்துக்கும் மேல புளிக்க விடுவாங்க. அப்புறம் அந்தப் புளிப்பும் வாடையும் பெரும்பாலும் போற வரைக்கும் திரும்பத் திரும்ப அலசி ஆவியில வேக வைப்பாங்க. எடோ காலத்துல, அதாவது 1868க்கு முன்னாடி, ஒருத்தரு வீட்டுல மழையில நனைஞ்ச மாவை தொட்டித் தண்ணியில போட்டு மறந்துட்டாரு, அடுத்த வருஷம் பார்த்தா அடியில வெள்ளையா படிஞ்சிருந்துச்சு, அப்படித்தான் இது வந்துச்சுன்னு அந்த ஊர்ல சொல்லுவாங்க.

தட்டுல வர்றப்போ லேசா சாம்பல் கலந்த வெள்ளை, முக்கோணமா வெட்டியிருக்கும், தட்டை வெச்சதும் ஒரு ஆட்டம் ஆடும். மேல கினாகோவைக் குமிச்சு கொட்டியிருப்பாங்க, வாய்கிட்ட கொண்டுபோறப்போ மூச்சை விட்டா பறந்துடும். அதுக்கு மேல கருப்பு சர்க்கரைப் பாகு. வாயில போட்டா முதல்ல பாகு, அப்புறம் மாவோட வறுத்த மணம், கடிச்சு முடிக்கிறப்போ பின்னாடி மெல்லிசா ஒரு புளிப்பு, நம்ம வீட்டு இட்லி மாவு மறுநாள் காலையில எப்படி இருக்குமோ அந்த அளவுதான். அத்தை ஒரு வாய் சாப்பிட்டுட்டு "இது புளிக்க வெச்சதாடா?"ன்னு கேட்டாங்க, நான் அதுவரைக்கும் எதுவுமே சொல்லல! பாலில்ல, நெய்யில்ல, முட்டையில்ல, ஜெலட்டின் இல்லைன்னு சொன்னதும் இன்னொரு தட்டு வாங்கச் சொன்னாங்க.

பார்சல் வாங்கி ஊருக்கு எடுத்துட்டுப் போகலாம்னு நினைக்காதீங்க. அவ்வளவு நாள் புளிக்க வெச்சது, வேக வெச்சுட்டா ஓரிரு நாள்தான் தாங்கும், ஃப்ரிட்ஜுல வெச்சா விறைச்சுப் போயிடும். அங்கயே உட்கார்ந்து சாப்பிடுங்க. ஊருக்கு மிட்டாய் பாக்கெட் வாங்கிக்கோங்க, தொண்டைக்கு இதமா இருமல் மிட்டாயும் அதே கடைகள்ல இருக்கு. கோதுமை அலர்ஜி இருக்கறவங்க மட்டும் குஸுமோச்சி பக்கம் போக வேணாம். சாயங்காலம் சீக்கிரமே கடையெல்லாம் சாத்திடுவாங்க, மதியத்துக்கு முன்னாடியே போயிடுங்க.